கேட்டால் கொடுத்துவிட வேண்டும்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தே இரண்டு குளிர்காலம் போய்விட்டது. காபி கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் காபி போடத் தெரிந்தவள் என் மகள் ப்ரிட்டா ஒருத்திதான்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். குடும்பத்தார் மனுக் கொடுத்தால் ஒருவனுடைய துப்பாக்கிகளை நீதிபதி பறித்து வைக்கலாம் என்ற அந்த மசோதா மறுபடி சட்டசபைக்கு வருகிறது. போன தடவை அதைத் தோற்கடித்தது இந்த ஆரின் ட்வெய்ட்டின் பேச்சுதான் என்று துப்பாக்கிச் சங்கத்தில் சொல்கிறீர்கள். இந்தத் தடவையும் நான் தலைநகர் ஹெலனாவுக்கு வர வேண்டும். மகளைப் பறிகொடுத்தும் கொள்கையை விடாத தகப்பன் என்று என்னை மேடையில் நிறுத்தலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குமுன் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விசாரித்த போலீஸ் அதிகாரி ஷெரிஃபுக்குக்கூட அது தெரியாது. அவர் கேட்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அடுத்தவன் துப்பாக்கிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஊரில் துப்பாக்கி சுட்டுப் பழகும் தளத்தை முப்பது வருஷமாக நான்தான் நடத்துகிறேன். என் கண்முன் ஒருவருக்கும் கீறல் விழுந்ததில்லை. ப்ரிட்டாவுக்கு ஒன்பது வயதில் கற்றுக்கொடுத்தேன். எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. சுட விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே. பதினைந்து வயதில் அவள் என்னைவிட நன்றாகச் சுட்டாள். "அப்பா, கண்ணாடிய மாத்துங்க, இல்லன்னா மான் வயசாகிச் செத்துரும்" என்று நண்பர்கள் எதிரிலேயே கேலி செய்வாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

அவள் கட்டிக்கொண்ட டேரல் கெட்டவன் இல்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மர ஆலையை மூடியதும் குடிக்கத் தொடங்கினான். சொந்தமாக வைத்திருந்த கொஞ்சம் மாடுகளோடு வீட்டிலேயே முடங்கினான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ரைஃபிளைக் கிடத்திவிட்டு, அதன் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டிருக்கிறான். திட்டவில்லை, மிரட்டவில்லை. உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு என்று மட்டும் சொன்னானாம்.

மறுநாள் ப்ரிட்டா வந்து இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். "குழல் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பேன்.

இதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மனம் உடைந்து கிடந்தால், நெருங்கியவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். "எண்ணெய் போட்டு நாளாச்சு போலிருக்கே, நான் கொண்டுபோய்த் துடைச்சு வைக்கிறேன்" என்போம். அவனுக்கும் புரியும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துப்பாக்கிகள் நம் இரும்புப் பெட்டியில் இருக்கும். அவன் தேறி வந்து கேட்கிற அன்று மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எவன் தருவான்?

நானும் அப்படித்தான் போனேன், டேரல் தானே எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றினான். அவன் அப்பாவின் பழைய ரைஃபிளைக் கடைசியாகப் போர்வையில் சுற்றிக் கொடுத்தான். ப்ரிட்டா தன் கைத்துப்பாக்கியையும் என்னிடமே தந்தாள், அந்த வீட்டில் ஒன்றுகூட இருக்க வேண்டாம் என்று. பிறகு ஊருக்குள் சிநேகிதி வீட்டில் போய்த் தங்கினாள். அவளுக்கு நீதிமன்றமும் வேண்டியிருக்கவில்லை, போலீஸும் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பெட்டி போதும் என்று நம்பினாள்.

ஹெலனாவில் நான் பேசியது இதைத்தான். பெயர் சொல்லவில்லை. "எங்களுக்கு நீதிபதி எதற்கு? எங்கள் வீட்டுப் பிள்ளைகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எடுத்து வைக்கவும் தெரியும், கேட்கிற அன்று திருப்பிக் கொடுக்கவும் தெரியும்" என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். டேரலும் தட்டினான். சலவைச் சட்டை போட்டு, குடிக்காமல், சங்கத்து ஆட்களோடு அவனும் வந்திருந்தான்.

திரும்பும் வழியில் சாப்பிட ஒரு கடையில் நிறுத்தினோம். மேசை நிறைய நம் ஆட்கள், ஒரே சிரிப்பு. டேரல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க, கேட்டா குடுத்துருவோம்னு. இப்ப நான் கேக்குறேன். மாடு கன்னு போடுற நேரம், நரித் தொல்லை தாங்கல. எங்கப்பா ரைஃபிள மட்டும் குடுங்க போதும்."

"மாட்டிக்கிட்டியா ஆரின்? பேசின வாய் காயறதுக்குள்ள மருமகன் புடிச்சுட்டான் பாரு" என்று யாரோ சொல்ல, மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். "வீட்டுக்கு வந்து எடுத்துக்கடா, இதுக்குப் போயி மனுப் போடுவியா" என்றேன். அதற்கும் சிரிப்புதான்.

அன்று மாலையே கொடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது, அல்லது தெளிவாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதுவரை நான் செய்ததில் பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவனுடைய பொருள், அவன் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரிட்டா போன் செய்தாள்.

"அப்பா, வீட்டுக்குப் போயி என் குளிர்க்கோட்டும் தையல் மிஷினும் எடுத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன். எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

எது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாம் என் பெட்டிலதான் இருக்கு, கண்ணு" என்றேன்.

"அப்ப சரி. நீங்க வர வேணாம், முட்டி வலிய வச்சுக்கிட்டுப் பனில வழுக்கி விழுவீங்க. வர்றப்ப பன்னு வாங்கிட்டு வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். வீணாக அவளைப் பயமுறுத்துவானேன் என்றுதான். இரண்டு வருஷமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் புதன்கிழமை வாக்கெடுப்பு இருந்தது. எதிர்த்தரப்பார் ப்ரிட்டாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். "எங்கப்பா பாத்துக்குறாரு, எனக்கு உங்க சட்டம் வேணாம்" என்று அவள் மறுத்திருந்தாள். அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். ரைஃபிள் கைமாறியது தெரிந்தால் போனை வைத்துவிடுவாள். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு நேரே ஹெலனாவுக்குப் போவாள். என் மகளை எனக்குத் தெரியும். புதன்கிழமை முடியட்டும், வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வீட்டுக்குள் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வளர்த்த பெண், துப்பாக்கி இருக்கிற வீட்டில் ஒருநாளும் கதவுக்கு முதுகைக் காட்ட மாட்டாள். வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். டேரல் அதே ரைஃபிளால் தன்னையும் முடித்துக்கொண்டான். போகிற வழியிலேயே வாங்கிய பன்னுப் பை அவள் காரின் முன்சீட்டில் இருந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வராமல் இங்கே அடுப்பு மேடையில் பல நாள் வைத்திருந்தேன்.

டேரல் அந்த ரைஃபிளை மட்டும் என்னிடம் தராமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறான் என்று ஷெரிஃப் முடிவு செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மேசையில் சிரித்தவர்களும் திறக்கவில்லை. துக்கம் கேட்க உணவுப் பாத்திரங்களோடு வந்து, "எந்தச் சட்டம் வந்தும் இதைத் தடுத்திருக்க முடியாது" என்று என் தோளைத் தட்டினார்கள். நான் தலையாட்டினேன். புதன்கிழமை மசோதா தோற்றது.

என் நெஞ்சு வெடித்துத்தான் போயிற்று தம்பி, வெளியே தெரிகிற மாதிரி வெடிக்கவில்லை, அவ்வளவுதான். அவளைக் கொன்றவன் டேரல். அந்த வீட்டுக்குள் அவளைத் தைரியமாக அனுப்பி வைத்தவன் நான். ஒரு வாக்கெடுப்புக்காக அனுப்பினேன்.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சங்கத்தில் சொல்லுங்கள், அவர்கள் பாடு. கூப்பிட்டால் வருகிறேன். போன தடவை பேசியதில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன்.

எழுந்துவிட்டீர்களே. காபியைத் தொடவே இல்லை. போகும்போது அந்த மூலையில் இருக்கிற இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். வழக்கு நடத்தக் குற்றவாளியே உயிரோடு இல்லாததால், டேரலுக்கு வேறு சொந்தம் இல்லாததால், ஷெரிஃப் ரைஃபிளை என்னிடமே கொடுத்துவிட்டார். துடைத்து, எண்ணெய் போட்டு, அதே போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். கேட்டு வர இனி யாரும் இல்லை.

நான் ப்ரிட்டாவிடம் பொய் சொல்லவில்லை. எல்லாம் என் பெட்டியில்தான் இருக்கிறது.