வந்ததும் போனதும் இருபத்தஞ்சு

— மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு பஸ்ஸ விட்டு எறங்குறியே, டிரஸ்டு பணம் வரலியா கண்ணு?

— வந்துடுச்சுப்பா. இருபத்தஞ்சாயிரம். என் அக்கவுண்டுலதான் கெடக்குது.

— அப்புறம் என்னா? காலேஜ் பீஸு அம்பத்தஞ்சு. ஏழப்புள்ளன்னு காலேஜே இருபத்தஞ்சு சலுக தர்றான். டிரஸ்டு இருபத்தஞ்சு. மிச்சம் அஞ்சு. இருவது வருஷமா உப்பு மூட்ட எண்ணுறவன், எனக்கா கணக்கு தெரியாது?

— மிச்சம் முப்பதுப்பா.

— அது போன வருஷம்.

— இந்த வருஷமும் முப்பதுதான். சலுகைய எடுத்துட்டாங்க.

— எடுத்துட்டாங்கன்னா?

— வெளிய இருந்து உதவி வந்தா, வந்த அளவுக்கு இவங்க குடுக்குறத கழிச்சுப்பாங்களாம். நீ அட்மிஷனப்போ கையெழுத்து போட்ட பேப்பர்லயே இருக்குதாம்.

— பேனா குடுத்தாங்க, காட்டுன எடத்துல போட்டேன். நான் என்னா இங்கிலீசு கண்டேன்.

— உன்ன குத்தம் சொல்லலப்பா.

— அப்ப டிரஸ்டு குடுத்தது உனக்கா, காலேஜுக்கா? அவங்ககிட்ட சொன்னியா?

— போன் பண்ணேன். காலேஜ் விஷயத்துல நாங்க தலையிட முடியாதும்மா, ஞாயித்துக்கெழம பாராட்டு விழாவுக்கு மட்டும் கரெக்ட் டைமுக்கு வந்துடுன்னாங்க.

— நல்லா இருக்குது போ. டிரஸ்டு போட்டிக்கு அந்தக் கட்டுரைய எழுத மூணு வாரம் நீ சரியா சாப்பிடக்கூட இல்ல.

— அதக்கூட விடு. பணம் என் அக்கவுண்டுக்கு வந்தது ஆபீசுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னுதான் மண்டைய கொடையுது. கேட்டா அந்த கிளார்க் மேடம் சிரிக்கிறாங்க. உங்க வீட்லருந்துதான் யாரோ மைசூர்பாக்கு எடுத்துக்கினு வந்தாங்களேன்றாங்க. ஏம்ப்பா, கீழ குனிஞ்சுக்கினே வர்ற?

— நான்தான் கண்ணு. அரக்கிலோ வாங்கினு போனேன்.

— எதுக்குப்பா?

— ரெண்டு வருஷமா அந்தம்மா முன்னாடி கைய கட்டிக்கினு தவண கேட்டு நின்னவன். ஒரு தடவ நிமுந்து நிக்கலாம்னு ஆச. எம்பொண்ணு தானா சம்பாரிச்சதுன்னு சொன்னேன். எவ்ளோன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு நோட்டுல எழுதிக்கினாங்க. பெருமைக்குதான் எழுதுறாங்கன்னு நெனச்சேன்.

— அழாதப்பா. ரோட்ல போறவங்க பாக்குறாங்க.

— தவள தன் வாயால கெடும்பாங்க. நான் என் வாயால உன்னக் கெடுத்துட்டேன்.

— ஒண்ணும் கெடல. கேளு. வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டலன்னா ஹால் டிக்கெட் தர மாட்டாங்க. என் அக்கவுண்டுல இருக்குறது போக முப்பது வேணும். வருஷா வருஷம் எப்படி கட்டுன? மழ விட்டதும் காசிலிங்கம் முதலாளி குடுக்குற அட்வான்ச வாங்கித்தானே? நீயும் அம்மாவும் சீசன் முழுக்க உப்பு வாரி கழிச்சீங்க. இந்த வருஷமும் அதே மாரி. கடைசி வருஷம்தானேப்பா. அப்புறம் நான் வேலைக்கு போயிடுவேன், அம்மா கால உப்புத்தண்ணில வெக்க விட மாட்டேன்.

— அட்வான்ஸா.

— உனக்கு இல்லன்னு சொல்ல மாட்டாரு.

— அவரு சொல்லல கண்ணு. போன வாரம் காச எடுத்துக்கினு வீடு தேடி வந்தாரு. நான்தான், எம்பொண்ணுக்கு படிக்க பணம் வந்துடுச்சு மொதலாளி, இந்த வருஷம் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்.

— அதனால என்னா? இப்ப போய் வேணும்னு கேளு.

— அட்வான்ஸு வாங்கலன்னா உப்பளத்துல வேலையே இல்ல கண்ணு. அந்த அட்வான்ஸ வாங்கிக்கினு என் உப்புப் பாத்திய மிதிக்க இன்னிக்கு காலைல சுப்ராயன் எறங்கிட்டான்.