றிப்னாவின் வட்டலப்பப் படம்

— ரதியக்கா, “வட்டலப்பத்துக்குள்ள துப்பிட்டுத்தான் தாறீங்களா?” எண்டு கேட்டாங்க. அந்த கிராண்ட்பாஸ்ல ஈக்கிற டீச்சர். நாலு வருசமா என்னட்ட பெருநாள் இனிப்பு வாங்குறவங்க.

— நீ என்ன சொன்ன, றிப்னா?

— போனை வெச்சிட்டேன்.

— அட, நல்லா நாலு கேட்டிருக்கணும் புள்ள! நான்னா விட்டிருப்பேனா?

— அவங்கள ஏசி எனத்துக்கு? பேஸ்புக்ல எவனோ போட்டீக்கான். நான் தட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற படம். அதுக்கு மேல சிங்களத்தில, “இந்த முஸ்லிம் பொம்பள துப்பித்தான் மத்த ஆக்களுக்கு விக்கிறாள், வாங்காதீங்க” எண்டு. பெருநாள் ஓடர் பாதிக்கு மேல வேணாம் எண்டுட்டாங்க.

— பாவிப் பயலுக. நேத்து நீ தந்த நோன்புக் கஞ்சிய எங்க வீட்டுல சட்டிய வழிச்சு நக்குனோம். சட்டி கழுவி அந்தா இருக்கு, போறப்ப எடுத்துக்க. அந்த பேஸ்புக் கம்பனிக்காரனுக்குச் சொன்னியா?

— ரிப்போட் பண்ணினேன். ரெண்டு நாளைக்குப் பொறகு பதில் வந்திச்சி. “பார்த்தோம், எங்கட சட்டத்துக்கு மாறா ஒண்டும் இல்ல” எண்டு.

— பாத்தானாமா? கண்ணு அவிஞ்சா போச்சு?

— சிங்களம் தெரிஞ்ச யாரும் பாத்தீக்க மாட்டாங்க அக்கா. படத்தைப் பாத்தீப்பாங்க. வட்டலப்பத்தில எனத்த பிழை?

— அது சரி. உன் வட்டலப்பத்துல எவன் பிழை கண்டுபிடிப்பான்!

— சிரிக்காம கேளுங்க. அதே படத்தைப் போட்டு, “இது பொய்” எண்டு நானும் எழுதினேன். அவன் எழுதினதைச் சொல்லித்தானே மறுக்கணும்? என்ட பக்கத்தைப் பூட்டிட்டாங்க. நான்தான் வெறுப்பைப் பரப்புறேனாம்.

— நல்ல நியாயம்டி!

— அதான், உங்கட போனால ஒருக்கா ரிப்போட் பண்ணலாம் எண்டு வந்தேன்.

— எடுத்துக்க. என் கையெல்லாம் மீன் செதிலு. பூட்டுத் தெறக்க ரெண்டு, அஞ்சு, எட்டு, பூச்சியம்.

— ஞாயிறு வரைக்கும் நம்மட கொட்டாஞ்சேனையில ஒருத்தருக்கும் இது தெரியாது அக்கா. இந்த ரோட்டு ஆள்தான் யாரோ ஷெயார் பண்ணீக்காங்க. யாரெண்டு தெரிஞ்சா, மௌத்தாகும் வரைக்கும் அந்த மொகத்தில முழிக்க மாட்டேன்.

— ஆளு யாருன்னு மட்டும் சொல்லு, இந்தக் கத்தியோடயே போறேன். என்ன, கெடச்சிச்சா?

— அக்கா.

— என்ன புள்ள?

— இது உங்கட பக்கத்தில ஈக்கி. “நம்ம றிப்னா புள்ள. எல்லாரும் பாருங்க, தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க.” ஞாயிறு காலையில.

— ஆமா, நாந்தான். உன் போட்டோ வந்துச்சு. பெருநாள் விளம்பரம்னு போட்டேன். கோயில் குரூப்புக்கும் அனுப்புனேன். உனக்கு நாலு ஓடர் கூட வரட்டுமேன்னு.

— மேல எழுதி ஈக்கிறதைப் பாக்கல்லயா?

— தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எனக்கு எவன் சிங்கள எழுத்து சொல்லிக் குடுத்தான்? வாயால பேசுவேன், அவ்வளவுதான். நான் படத்தைத்தான் பாத்தேன். றிப்னா, இதுவா அது? போனை ஏன் வைக்கிற? செருப்ப ஏன் மாட்டுற? ஏசிட்டாவது போ புள்ள… சட்டிய விட்டுட்டுப் போறியே… அடியே, எதை அழுத்தினா இது அழியும்னு சொல்லிட்டாவது போ!