குறட்டைக்கு ரெண்டு மார்க்

— செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க. வீடு கூட்டியே... நாலஞ்சு நாள் ஆச்சு.

— இருக்கட்டும் மேடம். நீங்க இவ்வளவு குள்ளமா இருப்பீங்கன்னு நான் நெனக்கல.

— வந்ததும் வராததுமா இதுதானா? அஞ்சு வருஷமா என் குரலை ஹெட்போன்ல கேக்கறீங்க. குரலுக்கு ஏது சார் உயரம்?

— இல்ல... லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு அழற ஆள்கிட்ட, 'மெக்கானிக் வர்ற வரைக்கும் நான் லைனை வைக்க மாட்டேன்'னு சொல்லுவீங்க பாருங்க. அப்ப ஆறடி ஆள் மாதிரி இருக்கும்.

— அவங்களே என்னை அக்கான்னுதான் கூப்பிடறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன மேடம்?

— சரிக்கா. எனக்கு ஆபீஸ்ல என்ன பேருன்னு தெரியும்ல?

— காது.

— அதுவும் இங்க வரைக்கும் வந்தாச்சா.

— நாங்க போன்ல பேசறதையெல்லாம் ரிக்கார்டு போட்டுக் கேட்டு மார்க் போடற ஆளை வேற எப்படிக் கூப்பிடுவாங்க தம்பி? உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், பூரா முடி.

— நாய் முடிதானே, ஒட்டினா ஒட்டட்டும். இந்தாங்க, இதுதான் ஃபாரம். திங்கக்கிழமைலேருந்து எல்லாரும் ஆபீஸ் வந்துதான் பேசணும். உங்களுக்கு மட்டும் போன தடவை மாதிரி வீட்லயே. காரணம்... பதினஞ்சு வயசு நாய், ரெண்டு கண்ணும் தெரியாது, மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை மருந்து. சரியா?

— ம்.

— நான் நாயை நேர்ல பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும். அஞ்சு நிமிஷ வேலை.

— நாய்னு சொல்லாதீங்க தம்பி. பெரியவர்னு சொல்லுங்க.

— பெரியவரா?

— வாங்கினப்ப குட்டின்னுதான் பேர் வச்சேன். தாடியெல்லாம் நரைச்ச பிறகு, குட்டின்னு கூப்பிட எனக்கே வாய் கூசுச்சு.

— சரி, பெரியவர் எங்க?

— உள்ள... தூங்கறார்.

— குறட்டையைக் காணோமே.

— கதவு சாத்தியிருக்குல்ல. காபி குடிக்கறீங்களா?

— குடுத்தா குடிப்பேன். சர்க்கரை வேண்டாம்க்கா.

— தம்பி... இங்க அடுப்படிலேருந்தே ஒண்ணு கேக்கறேன். நேத்து ரிப்போர்ட்லயும் ரெண்டு மார்க் குறைச்சிருந்தீங்க. 'பின்னணியில் நாயின் குறட்டைச் சத்தம்'னு.

— ரூல்ஸ்க்கா. பின்னாடி எந்தச் சத்தமும் வரக்கூடாது.

— நேத்தும் கேட்டுச்சா?

— கேட்டுச்சே.

— நல்லா கேட்டுச்சா?

— ...ஏன்க்கா இப்படிக் குடையறீங்க?

— சும்மாதான். அஞ்சு வருஷத்துல தொண்ணூத்தெட்டைத் தாண்டினதே இல்ல. ஒருதடவையாவது நூறு வாங்கிட்டு ரிட்டயர் ஆகலாம்னு ஆசை. இந்தாங்க காபி.

— ஆனா ஜனங்களுக்கு அந்தக் குறட்டை பிடிக்கும்க்கா. ஒரு ஆள் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, மூச்சு முட்டுதுன்னு கத்தறான். நீங்க 'ஒரு நிமிஷம் இதைக் கேளுங்க'ன்னு போனைப் பெரியவர் மூக்குகிட்ட வச்சீங்க. சிரிச்சுட்டான்.

— அன்னிக்கும் ரெண்டு மார்க் போச்சு.

— போச்சு.

— கல் நெஞ்சுக்காரர் நீங்க.

— எனக்கும் பிடிக்கும். மத்தியானம் அந்தச் சத்தத்தை ஹெட்போன்ல போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். எதிர்ல யாரோ இருக்கற மாதிரி... அது என்னக்கா மணி?

— மருந்து வேளை. மூணு மணி அலாரம்.

— போங்க, போய்க் குடுங்க. நான் எங்க ஓடிப்போறேன்.

— ம்... குடுக்கணும்.

— என்ன, கதவுகிட்டயே நிக்கறீங்க?

— மருந்து பாட்டில்... எங்க வச்சேன்னு...

— இதோ ஜன்னல்ல இருக்கே. இன்னும் மூடியைக்கூடப் பிரிக்கல போலிருக்கு.

— அது... புதுசு.

— சரி, முதல்ல அலாரத்தை அமுத்துங்க. இங்க வந்து உக்காருங்க.

— தம்பி, பார்த்துட்டேன்னு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிடுங்களேன். வயசானவரை எதுக்கு எழுப்பிக்கிட்டு.

— போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஆபீஸ் வந்தா என்ன ஆகிடும்? நாலு பேர் இருப்பாங்க. பேச்சுத்துணை.

— போறதுக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வரணுமே.

— வந்தா?

— பூட்டைத் திறக்கணும். கண்ணு போன பிறகும் சாவி சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்துருவார், சுவத்துல இடிச்சுக்கிட்டே. நான் வெளிய போனாத்தானே சாவி வேணும்? அதான் போறதே இல்ல. பதிமூணு நாளா தெருவையே பார்க்கல.

— பதினாலுக்கா.

— என்னது?

— இன்னியோட பதினாலு. நீங்க அவரைப் புதைக்க எடுத்துட்டுப் போன நாள்லேருந்து எண்ணியிருப்பீங்க. நான் அதுக்கு முந்தின நாள்லேருந்து எண்ணறேன். காபி ஆறுதுக்கா. நீங்களும் ஒரு வாய் குடிங்க.

— அப்ப... நீங்க கேக்கத்தான் செஞ்சீங்களா?

— கேக்கறதுதானே என் வேலை.

— நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பழைய ரிப்போர்ட்டையே தேதி மாத்தி அனுப்பறாங்க, ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கல, அவர் போனதுகூட உலகத்துல ஒரு ஆளுக்கும் தெரியலன்னு... அதுக்குத்தான் தம்பி ரொம்ப அழுதேன்.

— அந்த டீச்சரம்மா. முட்டி வலிக்காரங்க. லிஃப்ட்ல முப்பத்தொரு நிமிஷம் மாட்டினாங்க. ஒன்பதாவது நிமிஷத்துல குறட்டைச் சத்தம் நின்னுச்சு. நீங்க லைனை வைக்கல.

— வைக்க மாட்டேன்னு அவங்களுக்குச் சொல்லியிருந்தேனே.

— அவங்க கேட்டாங்க, 'என்னம்மா, உங்க நாய் முழிச்சிருச்சா, சத்தத்தைக் காணோம்'னு.

— ஆமா.

— நீங்க, 'ஆமாங்க, முழிச்சுட்டார்'னு சொன்னீங்க. அப்புறம் இருபத்திரண்டு நிமிஷம் அவங்க பேத்தி பள்ளிக்கூடம் போன கதையெல்லாம் கேட்டீங்க.

— என் கை அவர் முதுகுலதான் இருந்துச்சு. எடுக்கவே இல்ல. சூடு குறையறது தெரிஞ்சுது... அந்தம்மா பாவம், இருட்டுல நிக்கறாங்க. நான் அழுதா அவங்களும் அழுதுருவாங்க.

— அந்த ரிக்கார்டை நாலு தடவை கேட்டேன்க்கா.

— ஆபீஸ்ல சொல்லிடுவீங்களா?

— நான் சொல்ல வேண்டியதே இல்ல. திங்கக்கிழமைலேருந்து மெஷின்தான் கேக்கப் போவுது. எனக்கு இன்னிக்கோட சரி.

— என்ன தம்பி சொல்றீங்க? வேலை போயிடுச்சா?

— காதுக்கு இனிமே வேலை இல்லையாம். வீட்லயும் சொல்றதுக்கு ஆள் இல்ல, அதனால இன்னும் யாருக்கும் சொல்லல. மெஷின் முதல் நாளே கண்டுபிடிச்சுடும், சத்தம் இல்லன்னு. நூத்துக்கு நூறு போட்டு உங்களுக்கு அனுப்பும். அதைப் பார்த்து நீங்க தனியா உக்காந்து... அதான், அதுக்கு முன்னாடி ஒரு மனுஷனா வந்து பார்த்துடலாம்னு வந்தேன்.

— தெரிஞ்சுக்கிட்டே, பதினாலு நாளும் ஏன் தம்பி அந்த ரெண்டு மார்க்கைக் குறைச்சீங்க?

— நூறு போட்டா, பெரியவர் இல்லன்னு நானே என் கையால எழுதின மாதிரி ஆகிடும்லக்கா. எனக்கு மனசு வரல.