ரயிலை நம்புறா, என்னை நம்ப மாட்டேங்கிறா

...அட, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க சார்! தலையைக் கொஞ்சம் குனிங்க... ஆங், அப்படியே. இன்னும் கிளம்பவே கிளம்பாத ரயிலுக்கு, ‘மை ட்ரெயின் அரைவ்ஸ் அட் ஃபோர்’னு காலையில மெசேஜ் போடுறா என் வீட்டுக்காரி. அரைவ்ஸாம்! வந்து நின்னுட்ட மாதிரி! ஏம்மா, நாலு மணி இன்னும் ஆகலையே, ‘வில்’ போட வேண்டாமான்னு கேட்டேன். டைம்டேபிள்ல இருக்கிறதை அப்படித்தான் சொல்லணுமாம். டீச்சர் சொன்னாங்களாம்.

சாயங்கால இங்கிலீஷ் கிளாசுக்குப் போறா சார். நானேதான் சேத்துவிட்டேன், யாரைக் குத்தம் சொல்ல? பழக்கம் வரணும்னு வீட்ல மெசேஜெல்லாம் இங்கிலீஷ்லதான். தப்பா எழுதினவங்க அன்னிக்குப் பாத்திரம் கழுவணும். மூணு வாரமா யார் கழுவுறாங்கன்னு நினைக்கிறீங்க? இந்தக் கையைப் பாருங்க. ஊறவெச்ச துணி மாதிரி இருக்கு.

ஆடாதீங்க சார், காதுகிட்ட இருக்கேன்!

அக்கா வீட்டுக்குப் போயிட்டு இன்னிக்குத் திரும்புறா. நான் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வரணும். ரெண்டு பை, போதாக்குறைக்கு அக்கா குடுத்த தையல் மெஷின் வேற. நாலு மணிக்கு ‘வேர் ஆர் யூ?’ன்னு கேட்டா. டக்குனு ‘ஐ ஆம் கமிங்’னு போட்டேன். என்ன தப்பு? உடனே பதில் வருது. கால் ரோட்ல இருந்தாத்தான் ‘ஐ ஆம் கமிங்’காம். கையில கத்திரிக்கோல் இருந்தா ‘ஐ வில் கம்’மாம். நான் கடையிலதான் நிக்கிறேன்னு அங்கிருந்தே கண்டுபிடிச்சுட்டா சார்!

நான் விடுவேனா? முடிவு பண்ணிட்டா ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’ன்னு இன்னிக்கே சொல்லலாம்னு உங்க டீச்சர்தானே சொன்னாங்க, நானும் மனசுல முடிவு பண்ணியாச்சுன்னு மடக்கினேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? ‘ட்ரெயினுக்கு டைம்டேபிள் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?’ன்னுட்டா. சுருக்குன்னு ஆயிடுச்சு சார். கட்டின புருஷனை விட்டுட்டு ரயிலை நம்புறா!

இதுல இன்னொரு கூத்து. ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் கெட் வெட்’டாம். வராத மழை இப்பவே பெய்யுமாம், இவ மட்டும் அப்புறமா நனைவாளாம். என்ன கணக்கு இது?

என்ன, மணி பாக்கறீங்க? அஞ்சேகாலா! உங்களை உக்கார வெச்சு ஒரு மணி நேரம் ஆயிடுச்சா? சேச்சே. ‘ரெண்டே நிமிஷம், முடிஞ்சுட்டே இருக்கு’ன்னு நானா சொன்னேன்? ...சரி, சொல்லியிருப்பேன். அது தொழில் பேச்சு சார். அதெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா?

இருங்க, மறுபடியும் மெசேஜ். என் கண்ணாடி எங்க... இந்த மேசையிலதானே... ஆங். ‘இட் இஸ் ரெய்னிங். ஐ ஆம் சிட்டிங் ஆன் தி தையல் மெஷின்.’ பாவம் சார். நிஜமாவே பாவம். இதோ போடறேன், ‘ஐ ஆம் கமிங்’. இதோட அஞ்சு தடவை போட்டாச்சு. இதுக்கு மேல ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் வர்றது?

சரி, தலையைத் திருப்புங்க, இடது பக்கம்... சார்?

சார்! அடடா, போத்தின துணியோட ஓடுறாரே! சார், நில்லுங்க! ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு! யாராவது பாத்தா என் கடை மானம் போயிடும்! என்னது? காதுல விழலை, சத்தமா... ‘ஐ ஆம் கமிங்’கா? அந்தப் பக்கம் திரும்பி ஓடிக்கிட்டே கமிங்கா! மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு? வாய் கூசாம எப்படிச் சொல்ல வருது...

...ம்.

குடை எங்க? கடையைச் சாத்திட்டு ஓட வேண்டியதுதான். மெசேஜ் கிசேஜ் ஒண்ணும் வேண்டாம்.

இன்னிக்குப் பாத்திரமும் நான்தான்.