லிஃப்ட் கதவிடுக்கில் ஒரு ஜெபம்

அன்பால் எங்களை ஆளும் அவைத்தலைவர் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையை முத்துகளாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலி வாலிபர்களே! இன்று நான் சொல்லப்போகும் அத்தனையும் நடக்கும் என்று அன்றே சொன்னவன் நான். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், சொன்னேன்! ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்த வகையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் நான். என் கணக்கு தப்பாது.

என் தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதோ, கடைசி வரிசையில் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். ஒருநாள் அவர் முடுக்க மறந்த ஒரே ஒரு போல்ட், கூட வேலை செய்த நண்பரின் விரலை நசுக்கிவிட்டது. நண்பர் மன்னித்தார். இவர் மனம் இவரை மன்னித்ததா? இல்லை! முடுக்கியதையே ஏழு முறை முடுக்குவார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவார். "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று மறுபடி மாட்டுவார்.

"நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, லிஃப்டைக் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் தங்கை.

கம்பெனியோ, இன்னொரு வேலை தாமதமானால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டது.

அப்போதுதான் ஒரு நண்பகலில், மொட்டைமாடி இயந்திர அறையில், கிரீஸ் படிந்த கைகளை அவர் கூப்பினார். "ஆண்டவரே, நான் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டேன். மிச்சம் உங்க கையில."

அலங்கார ஜெபமா அது? அடுக்குமொழி ஜெபமா? இல்லை! ஆனால் அன்று அறையைப் பூட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி நிலைக்குமா? மறுவாரமே சோதனை வந்தது. பதினான்கு மாடிக் கட்டடம்... என்ன தம்பி? ஏழு மாடிதானா? சரி, பேச்சு வேகத்தில் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே கனத்த உடம்புடன் ஒரு கனவான். படிக்கட்டில் டார்ச்சுடன் தளபதியைப் போல நான்! மெக்கானிக் கதவை நான்கு விரல் அகலம் திறந்தார். உள்ளிருந்து ஒரு கை பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"கயிறு அறுந்துடுமா?"

"அறாது சார். அஞ்சு கயிறு இருக்கு."

"அஞ்சும் அறுந்துட்டா?"

"பிரேக் பிடிச்சுக்கும் சார்."

"அந்தப் பிரேக்கும்..."

"சார், முதல்ல மூச்சு விடுங்க. நான் மேல போய் மோட்டார் சக்கரத்தைக் கையால சுத்தி லிஃப்டை இறக்கினாத்தான் நீங்க வெளியே வர முடியும். கையை விடுங்க."

"நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

அவையோரே, பதில் சொல்ல அவர் என்ன பண்டிதரா? தன் மனக்காயத்தைத்தான் காட்டினார். "என்னால ஒருத்தர் விரல் போச்சு சார். எனக்கும் யாரும் இல்லேன்னுதான் நெனச்சேன். இயேசு இருந்தார். நான் மேல போனாலும் அவர் உங்ககூட உள்ளேயே இருப்பார். நான் சொல்றதைச் சொல்லுங்க."

தன் ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தார். "மிச்சம் உங்க கையில" என்று உள்ளிருந்த குரலும் விம்மியது. பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மேலே ஓடினார். பிரேக்கைப் பார்த்தார். எத்தனை முறை? ஏழா? ஒரே முறை! சக்கரத்தைச் சுற்றினார். பூ இறங்குவதுபோல் லிஃப்ட் மூன்றாம் மாடியில் இறங்கியது.

கிடைத்த சமாதானத்தைப் பெட்டியில் பூட்டினாரா? நான்கு விரல் இடுக்கு வழியே அடுத்தவர் கையில் கொடுத்தார்! கொடுத்தார், குறையவில்லை! கொடுத்தார், அவருக்குள்ளேயே அது உறுதியானது! நமக்கும் ஓர் இடுக்கு போதாதா?

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. உங்கள் வீடுகளில் அமைதி தங்கட்டும். அமர்வதற்கு முன் ஒன்று. தங்கை முறைக்கிறாள். படிக்கட்டில் டார்ச்சுடன் நான் நிற்கவில்லை. அவர் "சார்" என்றும் சொல்லவில்லை.

"மச்சான், கையை விடுங்க" என்றுதான் சொன்னார்.