முப்பத்தோராவது நிமிடம்

அந்த ரவுட்டர் அறைக்கு எப்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போவேன். வெளியே ஜனவரிப் பனி என்பதற்காக இல்லை, ஜூலையிலும் அப்படித்தான். ரவுட்டருக்குக் குளிர் வேண்டும், எனக்கு வேண்டாம். யார் பேச்சு எடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு என் பையில் அம்மா சுட்டுக் கொடுத்த பேஸ்டி ஒன்று இருந்தது, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்து மூடியது. ரவுட்டரின் பின்பக்கம் சூட்டுக் காற்று வரும். அங்கே வைத்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் கதகதப்பாகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அன்று எந்தத் திட்டத்தோடும் போகவில்லை. திட்டம் போட்டவள் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக மாட்டாள்.

என் பெயர் பிரென்னா கோஸ்கெலா. வயது இருபத்தாறு. மின்னியல் பொறியியல் பட்டம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா மர மில்லில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சான்றிதழைச் சட்டம் போட்டு, அவர் சுட்ட மானின் தலைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிற விருந்தாளிகள் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள்: எங்கே கிடைத்தது, எவ்வளவு பெரிது.

என் வேலையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆல்டர் ஃபால்ஸில் இருக்கும் அந்த ரவுட்டர் ஆள் உயரப் பெட்டி. அதற்குள் புத்தக அலமாரியில் புத்தகம் செருகுவதுபோலக் கார்டுகளைச் செருகியிருக்கும். பள்ளத்தாக்கிலுள்ள ஆறு ஊர்களின் போன், செல்போன், இன்டர்நெட், அவசர உதவி எண் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். பெட்டி எங்கள் ஊரில் இருக்கிறது, அதை ஆளுகிறவர்கள் டாலஸில் இருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பொறியாளர் போனில் சொல்ல வேண்டும், இங்கே இருப்பவர் செய்ய வேண்டும். இங்கே இருப்பவருக்குப் பெயர் ‘கை’. கேலிக்குச் சொல்லவில்லை. வேலைச்சீட்டில் என் பெயர் இருக்காது, ‘கை: 1’ என்று இருக்கும்.

கைக்கு விதிகள் எளிமையானவை. சீட்டிலுள்ள படியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். டாலஸ் ‘செய்’ என்றால் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக் கூடாது. கார்டு வெளியே இருக்கும்போது அறையைவிட்டு நகரக் கூடாது. கார்டைத் தொடும்போது மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பிலிருக்கும் மின்சாரம் பாய்ந்து கார்டு கெட்டுவிடும். வேலை முடிந்த பிறகுதான் பட்டையைக் கழற்றுவோம்.

போன ஜூனில் பிரெஸ்டன் ஹெய்ன்ஸ் என்ற பொறியாளர் என்னிடம் இரண்டாவது மின் யூனிட்டைக் கழற்றச் சொன்னார். முதல் யூனிட் முந்தின நாளே செத்திருந்தது. இரண்டாவதையும் எடுத்தால் பெட்டியே அணைந்துவிடும். மாட்டேன் என்றேன். அவர் போனிலேயே கத்தினார். பிறகு தன் திரையைப் பார்த்துவிட்டு அடங்கினார். பெட்டி பிழைத்தது. ஒரு வாரம் கழித்து எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: கை தன் வரம்பை மீறியது.

அந்தக் காகிதத்தை இங்கத்திய மேற்பார்வையாளர் ராய் பெல்கோனன்தான் கொண்டுவந்தார்.

“கையெழுத்தப் போட்டுத் தொலை, பிரென்னா. நீ சொன்னதுதான் சரி, எனக்குத் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு ராய்?”

“சரியா இருந்துட்டா போதுமா? அவன் டாலஸ்ல ஏசில உக்காந்திருக்கான். நீயும் நானும் இங்க கொசு அடிச்சுக்கிட்டு இருக்கோம். இன்னொரு எச்சரிக்கை வந்துச்சுன்னா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது.”

போட்டேன். பொறியாளர் வேலைக்கு அதற்கு முன்பு மூன்று முறை விண்ணப்பித்திருந்தேன். இப்போது இருக்கும் இடத்திலேயே நான் மதிப்பு மிக்கவள் என்று மூன்று முறையும் பதில் வந்தது. எச்சரிக்கைக்குப் பிறகு நான்காம் முறை விண்ணப்பிக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் என் பட்டத்துக்கு வேறு வேலை கிடையாது. மில் இருக்கிறது, அப்பா இருக்கும் மில்.

இனி அந்த வியாழக்கிழமை. பெட்டியின் நடுவில் இரண்டு கட்டுப்பாட்டுக் கார்டுகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று வேலை செய்யும், மற்றது அதற்குத் துணையாகக் காத்திருக்கும். எது வேலை செய்கிறதோ அதில் பச்சை விளக்கு எரியும். மேல் கார்டு நோஞ்சானாகிவிட்டதாகவும் அது துணையாகத்தான் இருப்பதாகவும் திங்கட்கிழமை டாலஸில் சீட்டு எழுதினார்கள். ஆறாம் படி: மேல் கார்டைக் கழற்று. ஏழாம் படி: புதியதைச் செருகு. ஊர் தூங்கும்வரை காத்திருக்க வேண்டாம், துணைக் கார்டுதானே என்று காலை பத்தேகாலுக்கு வைத்தார்கள்.

போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு மேல் கார்டில் எரிந்தது. நோஞ்சானும் துணையும் கீழ் கார்டுதான். எழுதியவர் மேலையும் கீழையும் மாற்றிவிட்டார், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

“கை இருக்கா?” என்றது பிரெஸ்டனின் குரல்.

“இருக்கேன்.”

“உன் பேரு என்னம்மா?”

ஒன்றரை வருடத்தில் எட்டாவது முறை. “பிரென்னா.”

“ஓ. ஜூன் மாசத்துப் பொண்ணா? இங்க பாரும்மா, எனக்கு இன்னிக்கு ஒரே நேரத்துல மூணு ஊர்ல வேலை. சீட்டுல இருக்கிறத மட்டும் செய். உன் மூளைய ஜூன்லயே பாத்தாச்சு, இன்னிக்கு லீவு குடுத்துடு.”

லீவு கொடுத்தேன். ஐந்து படிகள் ஒழுங்காக முடிந்தன. ஆறாவதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். “படி ஆறு. மேல் கார்டைக் கழற்று.”

“செய்.”

“இன்னொரு தடவை படிக்கட்டுமா?”

“எதுக்கு? கழட்டும்மா.”

பச்சை விளக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரித்து இழுத்தேன். கார்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டி முழுக்க விளக்குகள் அணைந்தன, விசிறிகள் முழு வேகத்தில் அலற ஆரம்பித்தன. கீழ் கார்டால் சுமையைத் தாங்க முடியவில்லை.

பிரெஸ்டனின் குரலும் போய்விட்டது. அது அந்தப் பெட்டி வழியாகத்தானே வந்துகொண்டிருந்தது. என் செல்லைப் பார்த்தேன், சிக்னல் இல்லை. ஆறு ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மணி பத்து நாற்பத்திரண்டு.

கார்டைத் திரும்பச் செருக அரை நிமிடம். பெட்டி மறுபடி எழுந்து நிற்கப் பதினோரு நிமிடம். எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் பழையதைத் திரும்பச் செருகச் சொல்லிச் சீட்டில் எந்தப் படியும் இல்லை, புதியதைச் செருகும் ஏழாம் படிக்கு டாலஸ் ‘செய்’ என்று சொல்லியாக வேண்டும். நான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தேன். இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது. ஜூனில் காத்திருக்காததற்கு என்ன கிடைத்தது என்று காகிதத்திலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

ஒன்பதாவது நிமிடம் கார்டை அதற்கான வெள்ளிநிறப் பைக்குள் வைத்து மூடினேன். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினேன். அது ஏன் என்று விசாரணையில் நேற்றே கேட்டீர்கள். அரித்தது.

பன்னிரண்டாவது நிமிடம் கதவு படபடவென்று தட்டப்பட்டது. அறைக்கு எதிர்வீட்டு மார்லிஸ் டெர்வோ, வெண்டெலின் மனைவி. எங்கள் பள்ளிப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டியவர். நான் தாமதமாக ஓடிவரும் நாள்களில் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பார், விட்டுவிட்டுப் போனதில்லை. கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு பனியில் வந்திருந்தார்.

“பிரென்னா, போனு செத்துக் கெடக்கு. செல்லும் இல்ல. வெண்டெல் கூரைப் பனிய இழுத்து விட்டுக்கிட்டு இருந்தவரு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆம்புலன்ஸக் கூப்பிடணும்.”

“லைன் போயிருக்கு மார்லிஸ். வேலை நடந்துக்கிட்டு இருக்கு.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். “எங்க நடக்குது? நீ சும்மா நிக்கிற.”

“உத்தரவு வரணும்.”

“எங்கேருந்து?”

“டாலஸ்லேருந்து.”

“போனே இல்லாம டாலஸ் எப்படிடி உனக்குச் சொல்லும்?”

பட்டம் படிக்காதவர். ஒரு நொடியில் பிடித்துவிட்டார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். “அதுலேருந்து எடுத்ததா அது? எடுத்த எடத்துலயே வச்சிடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

உத்தரவு சொல்வதற்கு அதிகாரம் உள்ளவர்களின் பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நான்கு பெயர்கள். அவர் பெயர் அதில் இல்லை. இதை அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன்.

“சரி, அது என்னவோ போ. வந்து ஒரு கை புடி. அவரு கனம், என்னால ஒருத்தியாத் தூக்கி வண்டியில ஏத்த முடியல.”

“கார்டு வெளிய இருக்கும்போது நான் இங்கேருந்து போகக் கூடாது மார்லிஸ்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பேருந்தின் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார். சன்னல் வழியாகத் தெரிந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். வெகுநேரம் ஒரு வண்டியும் வரவில்லை. கடைசியில் மரம் ஏற்றிப்போகிற லாரி ஒன்று நின்றது. ஓட்டுநரும் அவருமாக வெண்டெலைத் தூக்கி ஏற்றினார்கள். அது இருபத்தாறாவது நிமிடம் என்று சொன்னேன், நீங்கள் பார்த்த கேமராப் பதிவும் அதையேதான் சொல்லும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வெண்டெல் இறந்துவிட்டதாக மாலையில் கேள்விப்பட்டேன். ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒன்பது நிமிடம்தான். ஆம்புலன்ஸுக்குள் மருந்தும் ஆக்சிஜனும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் இருந்தன. முதல் நிமிடமே கார்டைச் செருகியிருந்தால் மார்லிஸ் என் கதவைத் தட்ட வேண்டியே வந்திருக்காது. உங்கள் கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்தேன்.

பேஸ்டியை நான் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராய் அடுத்த ஊரிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது முப்பத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கார்டு உள்ளே இருந்தது. பட்டை என் மணிக்கட்டில் இருந்தது. பெட்டி எழுந்துகொண்டிருந்தது.

“யாரு சொல்லிப் போட்ட?” என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் நீங்களும் இரண்டு நாளாக வேறு வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ராயிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். யாரும் சொல்லவில்லை. முப்பத்தோராவது நிமிடம் நானாகவே பட்டையைக் கட்டிக்கொண்டு, பையைத் திறந்து, கார்டைச் செருகினேன். எந்த உத்தரவும் வரவில்லை. வராது என்று முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். அதற்கு முன் நான் பதினேழு தடவை கடிகாரத்தைப் பார்த்ததாகக் கேமராப் பதிவை வைத்துச் சொல்கிறீர்கள். நான் எண்ணவில்லை. இருக்கும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லைன் போய் முப்பது நிமிடத்துக்குள் சரிசெய்யத் தொடங்கிவிட்டால் அது வீட்டுக்குள் பேசித் தீர்க்கிற சமாசாரம். பிரெஸ்டன் ஒரு பத்தி எழுதுவார், அதில் ‘கை’ என்று ஒரு சொல் வரும், கோப்பு மூடப்படும், ராய் என்னிடம் இன்னொரு காகிதத்தைக் கொண்டுவருவார். முப்பதைத் தாண்டினால் அப்படி மூட முடியாது. விசாரிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். சீட்டை யார் எழுதினார், யார் சரிபார்த்தார், கைக்கு ஏன் வாய் கிடையாது என்று கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டும். நான் சொன்னால் கேட்க யாருமில்லாத ஊரில் வேறு எப்படி உங்களை வரவழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கைப் பார்த்துவிட்டேதான் கழற்றினேன். உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். மார்லிஸ் வந்தபோது இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

வெண்டெல் நல்ல மனிதர். அவர் அன்று கூரைக்குப் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

நீங்கள் வந்தீர்கள். மூன்று பேர், கோட்டு சூட்டோடு, டேப் ரெக்கார்டரோடு. என் பெயரை ஒரே தடவையில் சரியாகச் சொன்னீர்கள். காபி கொடுத்தீர்கள். இரண்டு நாளாகப் பேசுகிறோம். வெண்டெலைப் பற்றிக் கேட்டாயிற்று, மார்லிஸைப் பற்றிக் கேட்டாயிற்று, என் மணிக்கட்டைப் பற்றிக்கூடக் கேட்டாயிற்று. ஆறாம் படியை எழுதியது யார் என்று மட்டும் உங்களில் ஒருவர்கூட இன்னும் கேட்கவில்லை.