கிரவுனுக்குள் நூல்

— தொறக்க வேணாம்னு சொன்னா கேளு எஸ்தரு. வண்டிய இரும்பு எடைக்குப் போட்டுடு. அவ்ளோதான்.

— எம் வூட்டுக்காரரும் இதத்தான் சொல்றாரு நமச்சிவாயம் அண்ணா. ஆசுபத்திரியில ஒரு கால எடுத்துட்டுப் படுத்துக்கினு, கண்ணு முழிச்சா இதான் பேச்சு. ‘பின் அச்சு நடுவுல இருக்கற பல்சக்கரக் கூண்ட யாரும் தொறக்கக் கூடாது, அப்படியே எடைக்குப் போட்டுடு’ன்றாரு. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினீங்களா இன்னா?

— பேசி வெக்க இன்னாமா இருக்குது? பினியன் பேரிங் வெந்து போயிருக்கும். கிரவுன் சக்கரத்துப் பல்லு மழுங்கிப் போயிருக்கும். தொறந்தா செலவு, வேற ஒண்ணும் இல்ல. இருபத்தஞ்சு வருஷமா லாரிக்கு அடியிலயே படுத்துக் கெடக்கறவன் சொல்றேன்.

— செலவ நான் பாத்துக்கறேன். உள்ள இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியணும். ஐயம்பேட்டை பூரா இன்னா பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஆனந்தகுமாரு குடிச்சிட்டு ஓட்டி ஏரிக்கரையில கவுத்துட்டானாம். டீக்கடை பக்கம் போனா எம் முதுகுக்குப் பின்னால சிரிக்கிறானுங்கோ. எம் பொண்ணு சுகாசினி, ‘நான் ஸ்கூலுக்குப் போகல’ன்னு ரெண்டு நாளா மூலையில குந்திக்கினு இருக்குது.

— ஊரு பேசும்மா. நாலு நாளு பேசும், அப்புறம் வேற கதை கெடைக்கும் அதுக்கு.

— நாலு நாளு இல்லணா, இதோட மூணு வாரம் ஆச்சி. போன வருஷம் ஈஸ்டருக்கு குடிய வுட்டவரு, அதுக்கப்புறம் மோந்துகூட பாக்கல. எந்தம்பி விஷாலுதான் அன்னிக்கு பின்னாலயே பைக்ல வந்துக்கினு இருந்தான். கண்ணால பாத்தவன். தென்னேரி கரை வளைவுல பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சாம். ரோட்டுல கரிக்கோடு இழுத்துக்கினே போயி சாஞ்சிதாம். கதவ ஒடைச்சி இவர வெளிய இழுத்தவன் அவன். ரத்தம் குடுத்தவன் அவன். இன்னி வரைக்கும் கக்கூசுக்குத் தூக்கிக்கினு போறவனும் அவன்தான்.

— நல்ல புள்ள.

— நல்ல புள்ளதான். சொந்தமா ஓட்டிக்கினு இருந்த ஷேர் ஆட்டோவ திடீர்னு வித்துட்டு நிக்கிறான். ஏன்டா வித்தன்னா பல்லக் காட்டறான். சரி, அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சிக்கினேன். நீ புது கிரவுன் போடு, பினியன் போடு, இன்னா போடணுமோ போடு. இனிமே இந்த லாரிய விஷாலு ஓட்டட்டும். ரெண்டு குடும்பமும் கஞ்சி குடிக்கும்.

— விஷாலா? இந்த வண்டியவா?

— ஏண்ணா, மூஞ்சி இப்படிப் போவுது?

— ஒண்ணும் இல்ல. த பாரும்மா, அவன் வேற வண்டி ஓட்டட்டும். இது ராசியில்லாத வண்டி.

— ராசி கீசியெல்லாம் உங்க தெருவோட வச்சிக்கோ. ஸ்பேனர எடு. இல்லன்னா சொல்லிடு, வாலாஜாபாத்துலேருந்து வேற மெக்கானிக்க இட்டாறேன்.

— சிவசிவா. வேற எவனும் இதுல கை வெக்க வேணாம். நானே தொறக்கறேன். அந்தத் தட்ட இப்படித் தள்ளு. தள்ளி நில்லும்மா, பொடவையில ஆயிலு பட்டா போகாது.

— பொடவைக்கு இப்ப இன்னா வந்துச்சி? கழட்டு.

— கழட்டிக்கினுதான இருக்கேன். போல்ட்டு இறுகிக் கெடக்குது.

— நீ இறுக்கற பக்கமா திருப்பற. அதான் கழல மாட்டேங்குது.

— வயசாவுதுல்ல.

— ...அய்ய, இன்னாணா இது? ஆயிலு ஒழுகும்னு பாத்தா கேவுருக் கூழு மாரி தொப்புத் தொப்புன்னு வுழுது!

— பழைய ஆயிலும்மா. கட்டி தட்டிப் போச்சி.

— எது பழைய ஆயிலு? மூணு மாசமா நாய் மாரி ஊளை வுட்டுக்கினு இருந்த வண்டிய, கவுர்றதுக்கு மொத நாளு நீதான ஆயிலு மாத்தி அனுப்பின? ‘நமச்சிவாயம் அண்ணன் கை பட்டுச்சி, சத்தமே போச்சி’ன்னு அவரு வூட்டுக்கு வந்து சொன்னாரே. ஒரு நாள்ல பழசாயிடுச்சா?

— தட்டுல கைய வுடாத எஸ்தரு!

— இரு இரு. இன்னா இது, முடியா? முடி இல்ல, நூலு. அண்ணா, நூலு! கொத்துக் கொத்தா இருக்குது. பேரிங்கு பூரா சுத்திக்கினு இருக்குது பாரு. மரத்தூளு வேற!

— ரோட்டுல கெடந்தது ஏறியிருக்கும்.

— மூடின கூண்டுக்குள்ளயா? யாருகிட்ட கப்சா வுடற? அந்த டீசல் டப்பாவக் குடு.

— எதுக்கும்மா?

— கழுவிப் பாக்கறேன். எட்டு வருஷமா உங்க வூட்டு நடையில உக்காந்து தறிக்கு தார்க்குச்சியில நூலு சுத்தறவ நானு. நூல தொட்டா எந்தப் புடவைக்கு ஓடினதுன்னு சொல்லுவேன், வேணும்னா உன் பொண்டாட்டி வடிவாம்பாள் அக்காவ கேட்டுப் பாரு. ...இது பட்டு. அழுக்கு போவப் போவ கலரு வருது பாரு. பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல.

— வுடு எஸ்தரு. கெஞ்சிக் கேக்கறேன்.

— சாயக்காரரு கை தவறி முக்கின நூலு இது. எலுமிச்சம்பழக் கலரு கேட்டா பாசி புடிச்ச மாரி குடுத்துட்டாருன்னு வடிவாம்பாள் அக்கா ஆடி மாசம் பூரா திட்டிக்கினே நெஞ்சாங்க. காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும் இந்தக் கலரு அந்த ஒரே புடவைதான். நான்தான் தார் சுத்தினேன். மீந்த வேஸ்டு நூல மூட்ட கட்டி, ‘எஸ்தரு, அவரு கை தொடைக்க ஆவும், பட்டறையில குடுத்துட்டுப் போ’ன்னாங்க. நான்தான் கொண்டாந்து அந்த ஆணியில மாட்டினேன். இப்ப மூட்டையக் காணோம்.

— அந்தத் தட்டக் குடும்மா, கொட்டிட்டு வந்துடறேன்.

— பேச்ச மாத்தாதணா. தங்கச்சி தங்கச்சின்னு வாய் நெறைய சொல்லுவியே, பேசு.

— என் கைதான் வச்சிது. தேஞ்ச பல்லுக்கு நடுவுல நூலும் மரத்தூளும் கிரீஸும் வச்சி அடைச்சா ரெண்டு நாளைக்கு சத்தம் வராது. அதுக்கு மேல தாங்காது. பேரிங்குக்கு ஆயிலு போகாம வெந்து பூட்டிக்கும். தெரிஞ்சிதான் வச்சேன்.

— ஏசப்பா! அடப்பாவி, அப்ப அவரு கால எடுத்தவன் நீயா? உனக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்? எங்க வூட்டு சாப்பாட்ட சாப்ட்டியே!

— நான் பண்ணதாவே இருக்கட்டும். போலீசுக்குப் போ, வந்து ஒத்துக்கறேன். வேற எதுவும் கேக்காத.

— போகத்தான் போறேன். ஏன் வச்ச? அத்த சொல்லு மொதல்ல.

— உன் வூட்டுக்காரன் கேட்டான்.

— பொய்யி.

— தோ, அந்த டயரு மேல உக்காந்துக்கினு கேட்டான். ‘வண்டிய வாங்கறதுக்கு ஒரு பார்ட்டி வருதுணா. ரெண்டே நாளு ஊளை கேக்காம பண்ணிக் குடு, தலையில கட்டிட்டு நான் தப்பிச்சிக்கறேன்’னான். முடியாதுன்னேன். அழுதான்மா. வாங்கறவன் கதி இன்னாடான்னு கேட்டேன், என் காலப் புடிச்சிக்கினான். லோடு மட்டும் ஏத்தாத, காலி வண்டியத்தான் ஓட்டிக் காட்டணும்னு சத்தியம் வாங்கிக்கினு வச்சேன். ஆனா பார்ட்டி உஷாரு. ‘லோடோட ஓட்டு, சத்தம் வருதா பாக்கறேன்’னு கேட்டுச்சாம். ஜல்லிய ஏத்திட்டான்.

— அதான் கூண்டத் தொறக்கக் கூடாதுன்னாரா...

— அதான்.

— வெக்கமா இருக்குதுணா. அவரு மானத்துக்காக நான் ஊரோட சண்ட போட்டுக்கினு இருக்கேன், அவரு எவன் குடும்பத்தையோ நடுத்தெருவுல நிறுத்தப் பாத்திருக்காரு. வித்ததுக்கு அப்புறம் பூட்டிக்கினு இருந்தா அந்த மனுஷன்தான செத்திருப்பான்? அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தான இருப்பான்? பேரச் சொல்லு. அவன் கால்ல வுழுந்துட்டுதான் ஆசுபத்திரிக்குப் போவேன்.

— வேணாம்மா. வூட்டுக்குப் போ.

— சொல்லப் போறியா இல்லியா? யாரு அந்தப் பார்ட்டி?

— அக்காவுக்குத் தெரிய வேணாம்னு ஆட்டோவ வித்துட்டு, அன்னிக்கு பின்னாலயே பைக்ல சத்தம் கேட்டுக்கினு வந்துச்சே... அதான்மா பார்ட்டி.